ஞானஸ்நானத்துக்கு அப்புறம் கொழுக்கட்டை சாப்பிடலாமா?

ஜோயல்,

"அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு நேற்று போனை வைத்தாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மீட்டிங் என்று ஒரு வரி அனுப்பினாய். பெங்களூரில் உனக்கு எப்போதும் மீட்டிங். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறவன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரியேதான் எழுதுகிறேன், இது நம் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. இதே ஊரில் இன்னொரு சபையில் இன்னொரு அப்பன் வாயை மூடிக்கொண்டு இதே மாதிரி உட்கார்ந்திருப்பான், அவனும் படிக்கட்டும். சுற்றி வளைக்க எனக்கு வராது, நேராகச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் சரண்யா ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள். எடுத்தால்தான் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்கிற ஓலையை ஆராதனையில் வாசிப்பார்கள், வாசித்தால்தான் சர்ச்சில் கல்யாணம். அவளுக்குச் சாட்சியாக நான் எழுந்து நிற்க வேண்டும் என்று நீயும் உன் அம்மாவும் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த ஞானஸ்நானத்தை நிறுத்து. இந்தக் கடிதம் முழுக்க அதற்குத்தான். இத்தோடு நீ மூடி வைத்தாலும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மூடி வைக்காதே.

போன வியாழக்கிழமை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் வேலையாக இருந்தேன். கல்யாண சீசன், கூட்டம் நெரிகிறது, கதவு மூட விடாமல் ஆட்கள் பையை நடுவில் நீட்டி நீட்டி சென்சார் போய்விட்டது. மூன்றாவது மாடியில் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே சரண்யாவும் அவள் அம்மாவும். கல்யாணப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். வெள்ளைப் புடவை. உன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள், சர்ச் கல்யாணம் என்றால் வெள்ளைதான், ஜரிகை வேண்டுமானால் இருக்கலாம் என்று. புருஷனை இழந்த ஒரு பெண், தன் ஒரே மகள் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவையைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள். விற்கிற பெண் இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளை என்று எடுத்துப் போடுகிறாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார்கள். "சார், இதுல ஒரு சின்ன கலர் பார்டராவது வரலாமா? கேட்டுச் சொல்றீங்களா?" யாரிடம் கேட்பது? கமிட்டியிலா? அந்த அம்மா பில் போடப் போன நேரத்தில் சரண்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், ஒண்ணு கேக்கவா? ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எங்கம்மா செய்யற கொழுக்கட்டைய நான் சாப்பிடலாமா?" நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி அன்னைக்கு டப்பாவத் தெறக்கவே இல்ல அங்கிள். நான் பாத்துட்டேன்."

அவள் சொன்னது போன பிள்ளையார் சதுர்த்தி. நீதான் அவளை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாய். பாவம், அவள் அம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கொழுக்கட்டை கொடுத்து அனுப்பியிருந்தார்கள், இன்னும் சூடு இருந்தது. உன் அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள், "எதுக்கும்மா சிரமம்" என்றாள், கொண்டுபோய் சமையலறை மேடையில் வைத்தாள், அதோடு சரி. வேறு சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. சரண்யா தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, உன் அம்மா வேலை செய்கிற அக்காவிடம் டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கு இது எதுவும் புதிதில்லை. டிசம்பரில் நம் வீட்டுக் கேக் மாடி வீடு, எதிர் வீடு, பாய் வீடு, பால்காரர் வீடு எல்லாவற்றுக்கும் போகும். எல்லாரும் சாப்பிடுவார்கள், நன்றாக இருந்தது என்பார்கள். தீபாவளிக்கும் ஆயுத பூஜைக்கும் அவர்கள் தட்டு நம் வீட்டுக்கு வரும், சிரித்துக்கொண்டே வாங்குவோம், வாசலிலிருந்து நேராகப் பின்கட்டுக்குப் போகும். கேட்டால் சாட்சி வாழ்க்கை என்பார்கள். கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாதவனோடு எவனாவது பழகுவானா? ஒரு தெருவில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, அடுத்த வீட்டு இனிப்பின் ருசி நமக்குத் தெரியாது. இதைத்தான் நம் சபை பரிசுத்தம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஃபார்மாலிட்டி என்கிறாயே, அந்த வார்த்தையை நானும் சொன்னவன்தான். பாலிடெக்னிக் முடித்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்த புதிது. உன் அம்மா அங்கே ஆபீஸில் இருந்தாள், கட்டிக்கொள்ள ஆசைப்பட்டோம். பையன் ஞானஸ்நானம் எடுக்கட்டும், பிறகு பேசலாம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். ராயப்பேட்டை வீட்டில் உன் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோடம்பாக்கத்தில் லைட்மேன், வாழ்நாள் முழுக்க உயரத்தில் பலகையில் நின்று அடுத்தவர் முகத்துக்கு வெளிச்சம் போட்டவர். "ஃபார்மாலிட்டிதாம்ப்பா, தலையில கொஞ்சம் தண்ணி, ஒரு புதுப் பேரு, அவ்ளோதான்" என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னா பேரு வெப்பாங்கோ?" என்றார். சொன்னேன். "நல்லாத்தான் கீது. ஆனா என் வாய்ல வராது. நான் நைனான்னே கூப்புட்டுக்கினு போறேன்." சாகும்வரை அப்படியேதான் கூப்பிட்டார். கல்யாணத்தன்று கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் காதில் சொன்னார், "மேல ரெண்டு லைட்டு தப்பான எடத்துல மாட்டிக்கீறானுங்கோ. பொண்ணு மூஞ்சில நெழலு வுழுது, சொல்லி வை." அவ்வளவு பெரிய மனசு. நானோ வகுப்புக்குப் போய் விசுவாசப் பிரமாணத்தை வைவாவுக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். "நம்புகிறாயா?" என்று கேட்டார்கள். "நம்புகிறேன்" என்றேன். சர்ச்சுக்குள் நான் பேசிய முதல் வார்த்தை பொய். அதற்கு எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பொய் என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவனுக்கும் தெரியும். இதைத்தான் நீ சரண்யாவைச் செய்யச் சொல்கிறாய்.

தாத்தா இறந்தபோது உனக்கு ஆறு வயது, மின்மயானத்துக்கு உன்னைக் கூட்டிப் போகவில்லை. அங்கே நடந்ததை உன்னிடம் நான் சொன்னதும் இல்லை. மூத்த மகன் நான்தான். ஆனால் எதையும் தொட விடவில்லை. "நீ தள்ளி நில்லுப்பா. நீ இப்ப வேற ஆளு" என்றார் என் பெரியப்பா. கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார். சரி என்று தள்ளி நின்றேன். முந்தின நாள்தான் நம் பழைய பாஸ்டரிடம் வீட்டுக்கு வந்து ஒரு ஜெபமாவது செய்யுங்கள் ஐயா என்று கேட்டிருந்தேன். "அவர் சபையில் இல்லையே தம்பி. நீயும் கொள்ளி கிள்ளின்னு எதுலயும் கை வச்சுடாத" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, அங்கேயும் ஆள் இல்லை, இங்கேயும் ஆள் இல்லை. உன் சித்தப்பாதான் கற்பூரம் ஏற்றினான். டிராலியைத் தள்ளினார்கள், பாதியில் நின்றுவிட்டது. ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கி, டிராலி சாய்ந்து, அப்பாவின் தலை ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. உலைக் கதவு திறந்திருக்கிறது, அனல் அடிக்கிறது, ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது அதே பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ மெக்கானிக்குதானே, வந்து பாரேன்." பாடையிலிருந்து ஒரு மூங்கிலை உருவி, அடியில் கொடுத்து நெம்பி, சக்கரத்தைத் தூக்கித் தண்டவாளத்தில் உட்கார வைத்தேன். அப்பாவின் தலையை நேராக்கினேன். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினேன், உள்ளே போனது. மகனாக நிற்க விடாத இடத்தில் மெக்கானிக்காக விட்டார்கள். இன்றுவரை அந்த அனல் என் முகத்தில் இருக்கிறது.

அன்றைக்கே ராயப்பேட்டையில் ஒரு சலூனில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் அங்கிள் பல்லைக் காட்டினார். "என்ன தம்பி, திருப்பதியா?" அப்பா செத்துட்டார் என்றேன். "ஓ, சாரி, சாரி" என்றார். மறுவாரம் கமிட்டி கூடி, நான் அஞ்ஞானச் சடங்கில் கலந்துகொண்டதாக முடிவு செய்து, திருவிருந்திலிருந்து என்னைத் தள்ளி வைத்தார்கள். எல்லாரும் வரிசையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போவார்கள், நான் மட்டும் பெஞ்சில். உன் அம்மா போவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். நீ என் தொடையில் கை வைத்துக் கேட்டாய், "ஏம்ப்பா நீ மட்டும் போகல? உனக்குப் பசிக்கலையா?" சுற்றி நாலு பெஞ்சுக்குக் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆன்ட்டி சிரித்தாள்.

ஏன் அப்போதே வெளியே வரவில்லை என்று கேட்பாய். நியாயமான கேள்வி. முதலில் உன் அம்மாவுக்காக இருந்தேன். பிறகு அந்த வெள்ளம் வந்தது. நீ அப்போது ஒன்பதாவது, உனக்கே நினைவிருக்கும். அடையாற்றங்கரைக் குடிசைகள் மூழ்கி, ஜனம் தலையில் மூட்டையோடு வந்தபோது, அந்தப் பழையவருக்குப் பிறகு வந்திருந்த பாஸ்டர் கமிட்டியைக் கேட்காமல் ஹால் பூட்டை உடைத்தார். சாவி வைத்திருந்தவர் போனை எடுக்கவில்லை, உடைத்தார். நான் ஜெனரேட்டரைத் தூக்கி மாடிப்படியில் வைத்து லைன் இழுத்தேன். ராயப்பேட்டை பள்ளிவாசலிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு வந்தது. கொண்டு வந்த கரீம் பாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "பாஸ்டரய்யா, ரெண்டு பீஸ் உங்களுக்குத் தனியா வெச்சிருக்கேன், கமிட்டிக்குச் சொல்லிடாதீங்க" என்றார். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி தன் வீட்டுப் பெட்ஷீட் எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்கள். யாரும் யார் பேரையும் கேட்கவில்லை. பலிபீடத்துக்கு முன்னால் ஒரு குழந்தை மூத்திரம் போனது, பாஸ்டரே துடைத்தார். என் தலையில் தண்ணீர் ஊற்றிய நாளில் எனக்குள் எதுவும் வரவில்லை, ஜோயல். அந்த வாரம் வந்தது. இயேசு என்று ஒருவர் இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். என்னை நாத்திகன் என்று உன் அம்மா சொன்னால் அது தப்பு.

அது நீடித்ததா? தண்ணீர் வடிந்ததும் கமிட்டி வந்தது. சோற்றுப் பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் செய்தி. வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதினார்கள். ஒரு பொம்பளை இடுப்பில் குழந்தையோடு தேவசகாயம் அங்கிளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சாரு, நேத்து வரிக்கும் சோறு போட்டுட்டு கம்முனு போனீங்கோ. இன்னிக்கு பேரக் கேட்டு எய்திக்கினு கீறீங்கோ. இன்னா, எலெக்சனா?" ஹாலே சிரித்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது. கொஞ்ச நாளில் அரசாங்கம் குடிசைகளை இடித்து, அந்த ஜனத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, பெண்களுக்கு வேலை போச்சு. சபை சார்பில் ஒரு மனுவாவது கொடுக்கலாம் என்று நான் எழுந்து பேசினேன். "அது அரசாங்க விஷயம் தம்பி, நமக்கு எதுக்கு அரசியல்" என்றார்கள். பேர் எழுத மட்டும் அது நம் விஷயமாக இருந்தது.

ஆண்டு விழாவில் மைக் பிடித்தால் நம் ஆட்கள் பள்ளிக்கூடம் கட்டினோம், ஆஸ்பத்திரி கட்டினோம் என்பார்கள். கட்டியவர்கள் செத்துப் போய் ரொம்ப நாள் ஆச்சு. அவர்கள் கட்டிய இடத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது. நாம் கட்டியது காம்பவுண்டுச் சுவர், ஹாலுக்கு ஏசி. கமிட்டித் தேர்தல் வந்தால் யார் எந்த ஊர், எந்தச் சாதி என்று மூலையில் நின்று கூட்டிக் கழிக்கிறவர்கள், சரண்யாவிடம் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று வகுப்பு எடுக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் புலம்பல்: நம்மை மதம் மாற்றுகிறவர்கள் என்கிறார்கள், நம் ஜெபக்கூட்டத்தில் வந்து கலாட்டா செய்கிறார்கள். அதில் பொய்யில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போன நம் வேனை ஒரு தெருவில் மறித்துத் திருப்பி அனுப்பினார்களே, அந்த வேனில் நானும் இருந்தேன், எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் ஒரு பெண்ணிடம், உன் அம்மா வைத்த பேரைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டு வந்தால்தான் உனக்குக் கல்யாணம் என்று சொல்கிற சபை, எந்த முகத்தோடு அந்தத் தெருவில் போய் நியாயம் கேட்கும்? இத்தனை விதமான ஆட்கள் இடித்துக்கொண்டு வாழ்கிற ஊரில் சர்ச்சுக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்டால், கதவைத் திறந்து வைக்கிற வேலை. உள்ளே வந்தவனுக்குச் சோறு போடு, அவன் வீட்டை இடித்தால் கூடப் போய் நில், அவனாக உன் சாமியைப் பற்றிக் கேட்டால் சொல்லு. நான் பார்க்கிற லிஃப்ட்கூட பாரம் அதிகமானால்தான் கத்துகிறது, ஏறுகிறவன் யாரென்று கேட்பதில்லை.

இப்போதிருக்கிற பாஸ்டர் சின்னப் பையன், நல்லவன். போன வாரம் தனியாகப் போய்க் கேட்டேன். "சட்டத்துல இடம் இருக்குண்ணே. ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்டியனா இருந்தாப் போதும். நம்ம சபை வழக்கத்துலதான் இல்ல" என்றான். அப்படியானால் வழக்கத்தை மாற்றேன் என்றேன். "கமிட்டி என்னை மாத்திடும்ணே" என்றான். பிறகு என்னைத் தேற்றுகிறானாம், "சரண்யாவுக்கு சாரான்னு வெக்கலாம்ணே, கிட்டத்தட்ட அதே பேருதானே, அவங்களுக்கும் கஷ்டமா இருக்காது." வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், இந்தப் பெண்ணுக்கு இது வேண்டாம் என்று. அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள், "ஏன், நீங்க எடுக்கலையா? நல்லாத்தானே இருக்கீங்க?" இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவள். பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று அவளை நம்ப வைத்தது நான்தானே.

சரண்யாவின் அம்மாவுக்கு அவள் ஒருத்திதான். அந்த அம்மாவும் ஒரு நாள் போவார்கள். அன்றைக்கு அவர்கள் பக்கத்து ஆள் யாராவது சரண்யாவிடம், நீ தள்ளி நில்லும்மா, நீ இப்ப வேற ஆளு என்பான். நம் கமிட்டி இந்தப் பக்கம் நின்று, எதிலும் கை வைக்காதே என்று சொல்லும். அவள் மெக்கானிக்கும் இல்லை, சக்கரம் கழன்றது என்று அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. நீ எங்கே நிற்பாய்? மீட்டிங்கில் இருப்பாயா? அவள் ஒரு நாள் தானாக வந்து, எனக்கு இதில் நம்பிக்கை வந்திருக்கிறது என்று சொன்னால், அன்றைக்கு முதல் ஆளாக நான் எழுந்து நிற்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்வதற்குக் கொடுக்கிற விலையாக அது வேண்டாம்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு ஹாலைப் பிடித்து எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறேன். அவள் அம்மா இஷ்டப்பட்ட கலரில் புடவை எடுக்கட்டும். அந்தச் சின்ன பாஸ்டர் அங்கியில்லாமல் வந்து ஜெபம் செய்வதாகச் சொல்லியிருக்கிறான், அதற்காவது தைரியம் இருக்கிறது அவனுக்கு. உன் அம்மா கொஞ்ச நாள் அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை நான் சரண்யா வீட்டுக்குப் போகிறேன். கொழுக்கட்டை செய்யச் சொல்லியிருக்கிறேன். "இப்ப சதுர்த்தி இல்லையே சார்" என்றார்கள். பரவாயில்லை, செய்யுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி நீயும் வந்து சேர். அவள் என்னிடம் கேட்ட கேள்வி உண்மையில் எனக்கானது இல்லை. அவள் அம்மா முன்னால் உட்கார்ந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நீயே பதில் சொல்லு.

வரவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்கு வருவேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, உன் அம்மா பக்கத்தில், அதே பெஞ்சில். நம்புகிறாயா என்று பாஸ்டர் கேட்கும்போது சரண்யா உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். சாட்சிகள் எழுந்து நிற்கவும் என்பார். நான் உட்கார்ந்தே இருப்பேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், நீயும் பார்ப்பாய். அப்போது பக்கத்தில் வந்து குனிந்து, ஏம்ப்பா எழுந்திரிக்கல என்று மட்டும் கேட்காதே. ஆறு வயதில் தெரியாமல் கேட்டாய்.

அப்பா